உங்களைச் சுருக்கி எழுதச் சொன்னார்கள்

அக்கா,

புது பிளக்ஸ் பேனருக்கென்று ஒரு நாற்றம் உண்டு. பெயிண்டும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து காய்ந்த மாதிரி இருக்கும். மூக்கில் ஏறிவிட்டால் சோறு தின்னும்போதும் கூடவே வரும். நேற்று மத்தியானம் மந்தாரக்குப்பத்து பிளக்ஸ் கடையில் அந்த நாற்றத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். உங்களுடைய முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்குப் பேனர். படத்தை உங்கள் வீட்டுக்காரர், மாமாவே தேடி எடுத்துக் கொடுத்துவிட்டார். பண்ருட்டியில் ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம். பந்திக்கு நேரமாகிறது, சீக்கிரம் எடுத்துத் தொலையுங்கள் என்கிற முகம். "கீழ நாலு வரி நீ எழுதிக் குடுத்துடும்மா, நம்ம வூட்ல படிக்கறவ நீதான்" என்று மாமா சொல்லியிருந்தார்.

கடைக்கார பாய் தங்கமான மனுஷர். "எழுதவே வேணாம்மா, கம்ப்யூட்டர்ல ரெடியா கெடக்குது, பேரை மட்டும் மாத்துனாப் போதும்" என்று திரையை என் பக்கம் திருப்பினார். குலவிளக்கே, பொறுமையின் சிகரமே, முகம் சுளிக்காத மருமகளே என்று வரிசையாக ஓடியது. நான் சிரித்துவிட்டேன். பாய் பயந்துபோனார். அஞ்சலி பேனர் அடிக்க வந்த இடத்தில் யாரும் சிரித்து அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

முகம் சுளிக்காத மருமகளாம், நீங்கள்! டீயில் சர்க்கரை குறைந்தால் மாமனார் எதிரிலேயே முகத்தைச் சுளிப்பீர்கள். பருப்பு வேகவில்லை என்றால் குக்கரைப் பேர் வைத்துத் திட்டுவீர்கள். பொறுமையின் சிகரம் என்று உங்கள் படத்துக்குக் கீழே போட்டால் படமே எழுந்து வந்து சண்டை போடும்.

"வேணாம் பாய், நானே எழுதிக் குடுக்கறேன்" என்றேன். ஒரு துண்டுத் தாளும் பேனாவும் கொடுத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டார். பெரிய பத்தியைச் சின்னதாக்குவதைத்தான் நாம் இரண்டு பேரும் மாதக்கணக்கில் பழகினோம். இருந்தும் உங்களை நாலு வரியாக்க எனக்குக் கை ஓடவில்லை.

இன்னொரு விஷயமும் மனசைப் பிசைந்துகொண்டிருந்தது. நாளை ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெவசம். தாலியோடு போனவர் என்பதால் வெறும் தெவசம் இல்லை, பூவாடைக்காரி படையல். உங்கள் பெயரைச் சொல்லிப் புதுப்புடவை வைத்து, உச்சிப் பொழுதில் இலை போட்டுப் படைத்து, அந்தப் புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி எடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கிற மருமகள் நான் ஒருத்திதான். அதே ஞாயிற்றுக்கிழமை, அதே உச்சிப் பொழுதுக்கு, கடலூரில் நமக்குப் பரிட்சை. நமக்கு என்றே எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

தேதி தெரிந்த அன்றைக்கே அத்தையிடம் சொன்னேன். அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "மொத வருச படையல். மருமவ இல்லாம நான் படைக்கணுமா? அடுத்த வருசம் எழுதிக்கோ. பரிட்சை எங்க ஓடிப் போவுது?" என்றார். அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. போன வருஷமும் இதைத்தான் சொன்னார்கள், அப்போதும் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த வருஷமும் ஏதாவது ஒன்று வரும், அதிலும் தப்பிருக்காது. அதுதான் என் பயம். யாரும் என்னைத் தடுக்காமலேயே நான் எழுதாமல் போய்விடுவேன்.

பாய் கடை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் நினைத்தபோது, நீங்கள் என்னிடம் முதன்முதலில் கேட்ட கேள்வி ஞாபகத்துக்கு வந்தது.

கல்யாணமாகி குறிஞ்சிப்பாடியிலிருந்து அந்த குவார்ட்டர்ஸுக்குள் வந்தபோது, ஓரகத்தி பொல்லாதவள், சூதானமாக இரு என்று எங்கள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். நானும் சூதானமாகத்தான் இருந்தேன். நீங்கள் ஒரு வேலை செய்தால் நான் ஒன்று, நீங்கள் பேசாவிட்டால் நானும் பேசுவதில்லை. ஒரு மத்தியானம் பின்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தீர்கள். எதிரில் வாளியின்மேல் செல்போன் சாய்ந்திருந்தது. சீரியல் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். முழுக்க இங்கிலீஷ்.

"என்னாக்கா இது?"

"சட்டம் படிக்கறதுக்கு நுழைவுத் தேர்வு. மூணு வருசப் படிப்பு. நீ பி.ஏ. இங்கிலீஷ்தான? ஒக்காரு. இந்தப் பத்திக்குக் கடைசி வரி இல்ல. என்னா வரும்னு சொல்லு."

ஓரகத்தியிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று நான் ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு பத்தியைக் கொடுத்து ஆரம்பித்துவிட்டீர்கள். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் தப்பு. ஆனால் அதற்குப் பிறகு நாம் ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொள்ளவில்லை.

எதற்காக சட்டம் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். காடாம்புலியூரில் உங்கள் முந்திரித் தோப்புக்குப் போகிற வழிக்காக ஒரு வழக்கு நடந்ததாம். சின்ன வயசில் உங்கள் அப்பாவோடு பண்ருட்டி கோர்ட்டுக்குப் போவீர்களாம். "எங்க வக்கீல் கைய கைய ஆட்டிக்கினு பேசுவாரு. அந்தப் பக்கத்து வக்கீலும் பேசுவாரு. மேல ஒரு அம்மா ஒக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கினே இருக்கும். கடைசில டைப் அடிக்கறவர்ட்ட ரெண்டே வரி சொல்லும். அவ்ளோ நேரம் பேசுனது மொத்தமும் அந்த ரெண்டு வரில இருக்கும்டி. எல்லாரும் வக்கீலப் பாத்துக்கினு இருந்தாங்க, நான் அந்த அம்மாவத்தான் பாத்தேன்." நீங்கள் இதைச் சொன்னபோது கையில் கத்தியும் பாதி நறுக்கிய காயும் இருந்தன. வழக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. உங்களுக்கு முக்கியம் அந்த இரண்டு வரிதான்.

நம் வீட்டில் உட்கார்ந்து படிப்பது சுலபமா என்ன? மாமனார் ஒரு ஷிஃப்ட், மாமா ஒரு ஷிஃப்ட், என் வீட்டுக்காரர் ஒரு ஷிஃப்ட். எந்நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார், யாராவது ஒருவருக்குச் சோறு போட வேண்டியிருக்கும். உங்கள் மகன் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் கிடைக்கிற மத்தியானத்தில், நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறவர்களை எழுப்பாமல், குசுகுசுவென்றுதான் படித்தோம். இந்தியாவிலேயே நுழைவுத் தேர்வுக்குக் கிசுகிசுத்துப் படித்தவர்கள் நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம் என்பீர்கள்.

உங்களுடைய முறை ஒன்று இருந்தது. போனில் பத்தியை மட்டும் காட்டுவீர்கள். கீழே உள்ள நாலு விடைகளைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வீர்கள். "மொதல்ல நீயே தமிழ்ல முடி. அப்பறம் அதுல எது ஒன்னோடதுன்னு தேடு." ஒரு தடவை நிழல் மரங்களைப் பற்றி ஒரு பத்தி வந்தது. ஊரில் ரோட்டை அகலப்படுத்தினார்கள், மரங்களை வெட்டினார்கள், இப்போது பஸ்ஸுக்கு நிற்கிறவன் விளக்குக் கம்பத்தின் நிழலில் ஒண்டிக்கொண்டு நிற்கிறான். நான் இயற்கை நம் தாய், அவளைக் காப்பது நம் கடமை என்கிற விடையைப் பெருமையோடு சொன்னேன். உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பஸ்ஸுக்கு நிக்கறவன் எங்கடி போனான்? அவன வெயில்ல உட்டுட்டு நீ பாட்டுக்கு இயற்கைத் தாய்கிட்ட ஓடிக்கினு இருக்கற. பத்தி என்னா பேசுச்சோ அதுக்கு முடிவு சொல்லு. ஒனக்குப் புடிச்சத அது தலைல கட்டாத."

எனக்கு எப்போதும் அப்படித்தான் கை போகும். கேட்பதற்கு நன்றாக இருக்கும், யாரும் மறுக்க மாட்டார்கள், ஆனால் அந்தப் பத்திக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. முதல் சில தடவை அப்படிப்பட்ட விடை நாலாவதாக வந்து தொலைத்ததால் அதற்கு 'நாலாவது ஆப்ஷன்' என்று பேர் வைத்தீர்கள். அப்புறம் வீட்டில் யார் மழுப்பினாலும் நமக்குள் அதுதான் பேர். மாமா ஒழுகுகிற குழாயை நாளைக்கு மாற்றித் தருகிறேன் என்று சொன்னால் நீங்கள் என்னைப் பார்த்து நாலு விரலைக் காட்டுவீர்கள்.

சுருக்கி எழுதுவதில்தான் நாம் நம்ம ஊர் தப்பு ஒன்றைச் செய்தோம். மாமனாருக்கு நிலக்கரி மைன்ஸில் மேல்மண் எடுக்கிற இடத்தில் வேலை. சாப்பிட உட்கார்ந்தால் அதே பேச்சுதான். இன்றைக்கு எவ்வளவு மண் அள்ளினோம், கரி தட்டுவதற்கு இன்னும் எவ்வளவு போக வேண்டும். கேட்டுக் கேட்டு நமக்கும் அது ஊறிப்போயிருந்தது. "எழுதறவன் மேல மண்ணத்தான் போட்டிருப்பான். அள்ளிக் கொட்டிக்கினே போ. கரி அடில கெடக்கும்" என்று நீங்கள் சட்டம் போட்டீர்கள். நானும் சரி என்றேன். எந்தப் பத்தி வந்தாலும் முதல் பாதியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கடைசியிலிருந்து சுருக்கம் எழுதினோம். மாதிரித் தேர்வு ஒன்றை இரண்டு பேரும் எழுதினோம். சுருக்கப் பகுதி இரண்டு பேருக்கும் மொத்தமாகப் போச்சு.

முதலில் விடைகளைத்தான் திட்டினோம். பிறகு நீங்கள் பத்திகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் படித்தீர்கள். படித்துக்கொண்டே வந்தவர் தலையில் கை வைத்தீர்கள். "அடப்பாவி, கரிய மேலயே கொட்டி வச்சிருக்கான்டி! சொல்ல வந்தத மொத வரிலயே சொல்லிட்டு, கீழ பூரா உதாரணம். நாம கரியத் தூக்கிப் போட்டுட்டு மண்ணச் சொமந்துக்கினு வந்திருக்கோம்." குசுகுசுப்பெல்லாம் மறந்து இரண்டு பேரும் சிரித்ததில் மாமனார் தூக்கம் கலைந்து எழுந்து வந்துவிட்டார். "கரி மேல கெடக்குதா? எந்த மைன்ஸ்ல?" என்று அவர் நிஜமாகவே கவலையோடு கேட்டார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். அன்றைக்கு சட்டத்தை மாற்றினீர்கள். முதலில் கரி எங்கே இருக்கிறது என்று முழுசாகப் படித்துப் பார், அப்புறம்தான் எதையும் தூக்கிப் போட வேண்டும்.

அத்தைக்கு நம் படிப்பு பிடிபடவே இல்லை. "என்னாத்ததான் ரெண்டு பேரும் மொணமொணன்னு பேசிக்கினு கெடக்கறீங்க?" என்பார். ஆனால் நமக்கு நல்ல பயிற்சி கொடுத்தவர் அவர்தான். சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு ஒரு பலாப்பழத்தோடு வந்தார். வந்த கையோடு ஆரம்பித்தார். அவர்கள் வாசலில் கட்டியிருந்த மாடு, போட்ட காப்பி, பெரிய பழமாகப் பார்த்து ஓரமாக வைத்திருந்தது, சின்னதை எடுத்துத் துணியால் துடைத்தது, பஸ் ஏற்றிவிட ஒருத்தரும் வராதது. போய்க்கொண்டே இருந்தது. நீங்கள் எனக்குக் கண்ணைக் காட்டினீர்கள். நான், "போன எடத்துல பலாப்பழம் குடுத்தாங்க" என்றேன். அத்தை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீங்கள், "பழம் குடுத்தாங்க, ஆனா மனசு வந்து குடுக்கல" என்றீர்கள்.

"அதான்டி! அதத்தான நான் இவ்ளோ நேரமா சொல்லிக்கினு இருக்கறேன்" என்று அத்தை துள்ளினார். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஒருவர் பேசுவதைச் சுருக்கினால் அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். சரியாகச் சுருக்கினால், தன்னை யாரோ முழுசாகக் கேட்டார்கள் என்று அவருக்கு மனசு குளிர்ந்துபோகிறது. அதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் உங்களுக்கு வயிற்று வலி வந்தது. சூடு என்றோம், வாயு என்றோம். நீங்களும் கஷாயத்தைக் குடித்துவிட்டுப் பத்தியைத் திறந்துவைத்துக்கொண்டீர்கள். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நேரம் கடந்துவிட்டது.

டாக்டர் வெளியே வராந்தாவில் மாமாவையும் என்னையும் நிற்க வைத்து ரொம்ப நேரம் பேசினார். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். மாமா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை அவருக்குள் இறங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவர் அங்கேயே சுவரில் சாய்ந்துவிட்டார். நான் மட்டும் உள்ளே வந்தேன். நீங்கள் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள்.

"டாக்டரு அவ்ளோ நேரம் பேசுனாரே, சுருக்கிச் சொல்லு."

"நல்ல மருந்தா குடுத்துக்கினு இருக்காங்கக்கா. தைரியமா இருந்தா எல்லாம் சரியாப் போயிடும்."

நீங்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கையைத் தூக்கினீர்கள். ஊசி குத்தியிருந்த கை. நாலு விரலைக் காட்டினீர்கள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் சொல்ல முடியாது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பரவிடுச்சுக்கா. இந்த மருந்து வலியக் கொறைக்கும். நோயக் கொறைக்காது" என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பினீர்கள். "இப்ப சரி" என்றீர்கள். "ஒரு வார்த்த கூடவும் இல்ல, கொறைவும் இல்ல." அப்புறம் தண்ணீர் கேட்டீர்கள். குடித்துவிட்டு, பரிட்சை என்றைக்கு என்று கேட்டீர்கள். உங்களிடம் அந்தச் சமயத்திலும் பொறுமை இல்லை, அக்கா. பயமும் இருந்தது, கையைப் பிடித்தபோது தெரிந்தது. ஆனால் நீங்கள் தேதியைத்தான் கேட்டீர்கள்.

அந்தப் பரிட்சை வந்தபோது வீட்டில் உங்கள் காரியம் முடிந்து சாமியானா பிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் போகச் சொல்லவில்லை, எனக்கும் எழுந்து நிற்கத் தெம்பில்லை. ஆனால் கொஞ்ச நாளில் அதே துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்துவிட்டேன். நானே பத்தியைப் படித்து, நானே விடைகளைக் கட்டைவிரலால் மறைத்து, நானே தமிழில் முடிவு சொல்லி, தப்பென்றால் என்னை நானே திட்டிக்கொள்வேன். உங்கள் அளவுக்குத் திட்ட வராது. தனியாகப் பேசுகிறாள், காத்துக் கருப்பாக இருக்குமோ என்று அத்தை எனக்கு வேப்பிலை அடித்ததும் உண்டு. இந்த ஒரு வருஷத்தில் எவ்வளவோ வேலை, உங்கள் மகனுக்குக் காய்ச்சல், மாமனாருக்குக் கண் ஆபரேஷன். எந்த நாளிலும் ஒரு பத்தியாவது படிக்காமல் விளக்கை அணைக்கவில்லை.

பாய் கடையில் இவ்வளவும் மனசுக்குள் ஓடி முடிந்தது. பத்தியை முழுசாகப் படித்தாகிவிட்டது, கரி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. பிறகு எழுத நேரமாகவில்லை.

காடாம்புலியூரில் பிறந்தவர்.
கோபக்காரர், நியாயக்காரர்.
நீதிபதி ஆக வேண்டும் என்று
வீட்டு வேலைக்கு நடுவே படித்துக்கொண்டிருந்தவர்.

பாய் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "நீதிபதி ஆனாங்களாம்மா?"

"இல்ல பாய்."

"ஆவாதத எதுக்கும்மா போடணும்?"

"அவங்க அதத்தான் பண்ணிக்கினு இருந்தாங்க பாய். மத்ததெல்லாம் எல்லாரும் பண்றது."

"அது சரி. கோவக்காரர்னு போடலாமா? அஞ்சலில யாரும் போட மாட்டாங்களே."

"படத்தப் பாருங்க பாய்."

பாய் உங்கள் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "போடலாம்மா" என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து போனில் பேனரைக் காட்டினேன். மாமா அதைக் கையில் வாங்கியவர் நெடுநேரம் திருப்பிக் கொடுக்கவில்லை. "கோவக்காரி... சரிதான்" என்று மட்டும் சொன்னார். அத்தை, "என்னா எழுதிக்குது, சத்தமா படி" என்றார். மாமா படித்தார். நாலாவது வரி வந்ததும் போனை என் பக்கம் திருப்பினார், அதை மட்டும் நான் படித்தேன்.

அத்தை எழுந்து சமையற்கட்டுக்குப் போனார். ஏதோ பாத்திரத்தை நகர்த்துகிற சத்தம் கேட்டது. அவரிடம் சொல்வதற்கு ஒரு வாரமாக நான் சேர்த்துவைத்த பேச்சு இருந்தது. வயசு, ஃபீஸ், உங்கள் ஆசை, என் ஆசை, எத்தனை பேர் எழுதுகிறார்கள், எத்தனை இடம், எல்லாம். அவர் திரும்பி வந்தபோது அத்தனையும் தூக்கிப் போட்டுவிட்டேன்.

"அத்தை, ஞாயித்துக்கெழம நான் பரிட்சைக்குப் போறேன். படையலுக்கு இருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு நின்றேன். நான் இந்த வீட்டுக்கு வந்து அத்தையிடம் 'இருக்க மாட்டேன்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. மாமா கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இத பிளாக் முனைலதான கட்டுவீங்க?"

"ஆமாத்தை."

"வரவன் போறவன் எல்லாம் படிப்பான். படிச்சிட்டு உள்ள வந்து, அவ படிச்சான்னு பெருமையா எழுதிப் போட்டுட்டு இவள அடுப்படில ஒக்கார வச்சிக்கிறாங்கன்னு பாத்தா, காறித் துப்ப மாட்டான்?" கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு, "தீவாளி எண்ணெயே இந்த வூட்ல ஷிஃப்ட் பாத்துத்தான் வச்சிக்கினு இருக்கறோம். ஒங்க மாமனாருக்கு ஒரு வருசம் சாயங்காலம் தீவாளி, ஒரு வருசம் மறுநாளு. அவளுக்கு ஒரு படையல மாத்த முடியாதா? ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ்ஸு போறதுக்குள்ள எலை போட்டுடுவோம். நீ படைச்சிட்டு, பொடவைய எடுத்துக் கட்டிக்கினு கெளம்பு. பூவாடைக்காரி அடுப்படிலதான் ஒக்காருவாளா, பரிட்சை எழுதற எடத்துல ஒக்கார மாட்டாளா?"

அத்தையின் காலைத் தொடலாம் என்று குனிந்தேன், "போடி, மொச்சை ஊறப் போடு" என்று விலகிக்கொண்டார்.

இன்று காலையில் பேனர் கட்டியாகிவிட்டது. ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் படித்துவிட்டுப் போகிறார்கள். எதிர் பிளாக்கிலிருந்து ஒரு அம்மா வந்து, அந்தப் பொண்ணு வக்கீலுக்குப் படிச்சுதா, எங்களுக்குத் தெரியவே தெரியாதே என்று அத்தையிடம் கேட்டார். "ஜட்ஜுக்கு" என்று அத்தை திருத்தினார்.

புடவை வாங்கி வைத்திருக்கிறது. அரக்கு நிறம், மாமா எடுத்தது. இரவு படிக்க வேண்டாம், தூங்கு என்று எல்லாரும் சொல்கிறார்கள். கொஞ்சம் பயமும் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் நீங்கள் விரலைக் காட்டுவீர்கள். ஆனால் யார் எதைப் பேசினாலும் முழுசாகக் கேட்டுவிட்டு, அவர் சொல்ல வந்தது எது என்று தேடுகிற பழக்கம் எனக்குள் நின்றுவிட்டது. இனிப்பாக இருக்கிறது என்பதற்காக ஒன்றைச் சரி என்று ஒப்புக்கொள்ளாத பழக்கமும் நின்றுவிட்டது. பாஸாவதற்கு மட்டும் இல்லை, இந்த வீட்டில் வாழ்வதற்கும் எனக்கு அதுதான் கை கொடுக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு நாளை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், காண்ட்ராக்ட் வேலையில் லீவு கேட்டால் ஆயிரம் கேள்வி. படையல் முடிந்ததும் பஸ் பிடித்துத் தனியாகவே கடலூர் போய்விடலாம் என்றிருந்தேன். சற்றுமுன் மாமா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் ஷிஃப்ட் மாத்திக்கினேன், நானே கூட்டிக்கினு போறேன்" என்றார். உங்களுக்கு எதுக்கு மாமா சிரமம், நாளைக்கு நீங்கள் வீட்டில் இருக்க வேண்டாமா என்றேன். துணியைப் பிழிந்துகொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"அவ எழுத இருந்த எடத்த நானும் ஒரு வாட்டி பாத்துக்கறேம்மா."

அவரை வெளியே நிற்கவைத்துவிட்டு நான் உள்ளே போவேன், அக்கா. இடம் கிடைத்தால் படிப்பேன். கிடைக்காவிட்டால் அடுத்த வருஷமும் விடிவதற்கு முன் உங்களுக்கு ஒரு இலை, விடிந்தபின் எனக்கு ஒரு பரிட்சை.